வீட்டுத் தோட்டத்தில் நாலு கோழி, மூணு வாத்து: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பின்கட்டுக்கு வெளியே கொஞ்சம் மண் வைத்திருக்கிற வீடுகளில் கோழி வளர்ப்பது புதிதில்லை. இப்போது வாத்தும் சேர்த்து வளர்க்கலாமா என்று கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். என் தோட்டத்தில் இரண்டும் இருப்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன. பண்ணை வைத்துச் சம்பாதிக்கும் கணக்கு இதில் இல்லை. வீட்டுக்கு முட்டை வேண்டும், பறவைகள் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே விஷயம்: கோழிக்கு உலர்ந்த இடமும் உயரமும் வேண்டும், வாத்துக்குத் தண்ணீரும் தரையும் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால்தான் பாதித் தொல்லை வருகிறது.

நம் ஊர் வெயிலை வாத்து தாங்குமா?

தாங்கும். நிழலும் தண்ணீரும் இருந்தால் அக்னி நட்சத்திரத்தில் கோழியைவிட வாத்து நிம்மதியாகவே இருக்கும். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கித்தான் சூட்டைக் குறைக்க வேண்டும். மே மாத மதியத்தில் கோழிகள் வேப்பமரத்தடி மண்ணைப் பறித்து உள்ளே படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாத்து தலையையும் காலையும் நனைத்துக்கொண்டால் சமாளித்துவிடும். ஆனால் தண்ணீர் தீர்ந்துபோன தோட்டத்தில் முதலில் துவளுவதும் வாத்துதான். கோடையில் கிணறு வற்றி, லாரித் தண்ணீர் வாங்குகிற வீடு என்றால் கோழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எத்தனையில் தொடங்கலாம்? எவ்வளவு இடம் வேண்டும்?

நாலைந்து பெட்டைக்கோழி, ஒரு சேவல், மூன்று வாத்து. வாத்தை ஒற்றையாக வளர்க்கவே கூடாது. கூட்டமாக வாழும் பறவை அது, தனியாக விட்டால் நாள் முழுக்கக் கத்தும், தீனியும் சரியாக எடுக்காது. இரவில் அடைக்க ஒரு கோழிக்கு 2 சதுர அடி, ஒரு வாத்துக்கு 4 சதுர அடி போதும். பகலில் உலாவ இடம் எவ்வளவு இருந்தாலும் நல்லது. இரண்டு சென்ட் தோட்டம் இருந்தால் இந்த எண்ணிக்கைக்குத் தாராளம்.

எந்த இனம் வாங்குவது?

கோழியில் என் ஓட்டு சிறுவிடை என்ற நாட்டுக்கோழிக்குத்தான். உடம்பு சின்னது, வருடத்துக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். ஆனால் தானே அடைகாக்கும், தானே குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயும், பருந்து நிழல் தெரிந்தால் குரல் கொடுத்துக் குஞ்சுகளைப் புதருக்குள் சேர்க்கும். வீட்டில் வளர்ப்பவருக்கு இந்தத் தாய்க்குணம் பெரிய லாபம். முட்டைதான் முக்கியம் என்றால் ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராமப்பிரியா 150க்கு மேல் இடும். வனராஜா கறிக்கும் முட்டைக்கும் பொதுவானது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழிகளும் உண்டு. இந்த வளர்ப்பு இனங்கள் பெரும்பாலும் அடை உட்காராது என்பதை நினைவில் வையுங்கள். பெருவிடை, அதாவது அசீல், கம்பீரமானதுதான். ஆனால் சேவல்கள் ஒன்றையொன்று கொல்லும் அளவுக்குப் போகும். சிறிய தோட்டத்துக்கு வேண்டாம்.

வாத்தில் முட்டைக்கு காக்கி கேம்பல். நன்றாகத் தீனி கொடுத்தால் வருடத்துக்கு 250க்கு மேல்கூட இடும். அறுவடை முடிந்த வயல்களில் பட்டி பட்டியாக மேய்க்கிறார்களே, அந்த நாட்டு வாத்து வெயிலுக்கும் நோய்க்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அக்கம்பக்கம் வீடுகள் நெருக்கம் என்றால் மஸ்கோவி வாங்குங்கள். அது கத்தாது, ஒரு மாதிரி சீறும், அவ்வளவுதான். தானே அடையும் காக்கும்.

சந்தையில் வாங்கும்போது கண் ஈரமில்லாமல் பளிச்சென்று இருக்கிறதா, ஆசனவாய்ப் பக்கம் எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கி வந்ததை இரண்டு வாரம் தனியாக அடைத்து வைத்துவிட்டு அப்புறம் மற்றதோடு சேருங்கள். நல்ல குஞ்சு எங்கே கிடைக்கும் என்று குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இரண்டையும் ஒரே கூட்டில் அடைக்கலாமா?

கூடாது. பகலில் ஒரே தோட்டத்தில் மேயட்டும், இரவில் தனித்தனி. காரணம் ஒன்றல்ல, நாலு.

வாத்தின் எச்சம் பெரும்பாலும் தண்ணீர். குடிக்கும்போதும் பாதியைச் சிந்தும். ஒரே இரவில் தரை ஈரமாகிவிடும். ஈரத் தரையில் கோழிக்குச் சளி பிடிக்கும், இளங்கோழிக்கு இரத்தக் கழிச்சல் வரும். அடுத்து, கோழி உயரத்தில் ஏறி உறங்கும், வாத்து தரையில் படுக்கும். ஒன்றாக அடைத்தால் கீழே இருப்பதன் முதுகில்தான் மேலே இருப்பதன் எச்சம் விழும். வாத்து இரவெல்லாம் அரைத்தூக்கம். நடமாடிக்கொண்டே இருக்கும், கோழியைத் தூங்கவிடாது.

நாலாவது காரணம்தான் பெரியது. பறவைக் காய்ச்சல் கிருமியை வாத்து நோய் அறிகுறி எதுவும் இல்லாமலே சுமந்திருக்க முடியும். அதே கிருமி கோழிக்குப் போனால் ஓரிரு நாளில் சாவுதான். தனித்தனிக் கூடு, தனித்தனித் தண்ணீர்த் தொட்டி வைப்பது இந்த ஆபத்தை முழுசாக நீக்காது, ஆனால் நிறையக் குறைக்கும்.

ஆண் வாத்தையும் கவனியுங்கள். ஓர் ஆணுக்கு ஐந்தாறு பெண் வாத்து இல்லாவிட்டால் அது கோழியின் மேல் ஏறப் பார்க்கும், அதில் கோழி செத்துப்போவதும் உண்டு. மூன்று வாத்து வளர்ப்பவர் மூன்றையும் பெண்ணாக வைத்துக்கொள்வது உத்தமம். வளர்ந்த வாத்தில் ஆணை அடையாளம் காண்பது சுலபம்: வால்மேல் ஓரிரு இறகு சுருண்டு நிற்கும், குரல் கம்மியிருக்கும். கணீரென்று கத்துவது பெண். மஸ்கோவியில் இந்தச் சுருள் இறகு இருக்காது, ஆண் உடம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிசாக இருப்பதை வைத்தே சொல்லிவிடலாம்.

கூடு எப்படிக் கட்டுவது?

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்படி வைத்தால் காலை, மாலை வெயில் குறுகிய சுவரில் மட்டும் படும், உள்ளே புழுங்காது. வடக்கிலும் தெற்கிலும் இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கம்பி வலை. நம் பக்கம் செம்புறாங்கல் கிடைப்பதால் அடிச்சுவரை அதிலேயே இரண்டு வரி எடுத்துவிடலாம். பெருச்சாளி துளைக்காது. தரையைச் சுற்றியிருக்கும் மண்ணைவிட ஒன்றரை அடி உயர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற நாள்தான் கூட்டின் தரம் தெரிகிற நாள்.

கூரைக்குப் பனையோலை அல்லது தென்னங்கீற்று. தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்டாகிவிட்டது என்றால் அதன் மேல் கீற்றைப் பரப்பிக் கட்டுங்கள். வெறும் தகரத்தின் கீழ் மே மாத மதியத்தில் கையை வைத்துப் பார்த்தால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். கூரை சுவரைத் தாண்டி மூன்றடி வெளியே நீண்டால் சாரல் உள்ளே வராது.

கோழிக்கூட்டுக்குள் உட்கார மரச்சட்டம் வேண்டும். இரண்டு அங்குல அகலம், ஓரங்களை இழைத்து வட்டமாக்கியது. கோழி உருண்டைக் கம்பைவிடச் சட்டத்தை விரும்பும், பாதம் முழுக்கப் பதியும். ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் கணக்கு. முட்டையிட ஒரு அடிக்கு ஒரு அடி பெட்டி, நாலைந்து கோழிக்கு ஒன்று, கூட்டின் இருட்டான மூலையில், உட்காரும் சட்டத்தைவிடத் தாழ்வாக. பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி எச்சமிட்டு முட்டையெல்லாம் அழுக்காகும். பழைய மண்சட்டியில் வைக்கோல் போட்டு வைத்தாலும் மகிழ்ச்சியாக இடும்.

வாத்துக்கூடு இன்னும் எளிது. சட்டம் வேண்டாம், படி வேண்டாம். நாலடி உயரம், காற்றோட்டம், தரையில் ஆற்று மணலோ உமியோ மூன்று அங்குலம். கடலைத்தோலை வாத்துக்கு விரிக்காதீர்கள். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சைத் தூசி நுரையீரலைப் பிடிக்கும். கோழிக்கூட்டில் அதே கடலைத்தோல், உலர்ந்தே இருக்கும் என்றால், நல்ல படுக்கை.

பஞ்சாரக் கூடையில் கவிழ்த்து வைப்பது குஞ்சுக்கும் தாய்க்கும் பகல் நேரத்துக்குச் சரி. இரவுக்குப் போதாது, நாய் தள்ளிவிடும்.

பழைய வீடு. வளவிலும் (உள்முற்றத்திலும்) பின்கட்டிலும் விட்டு வளர்க்கலாமா?

வெளித் தோட்டத்தோடு நிறுத்துங்கள். ஆத்தங்குடித் தரையில் எச்சம் காய்ந்தால் கறை பிடிக்கும், அதை எடுக்க ஆசிட் ஊற்றினால் தரையின் வண்ணமே போய்விடும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் ஓரம் வாத்து குளித்தால் ஈரம் அடியிலிருந்து ஏறும். கோழி சுண்ணாம்பைக் கொத்தும், அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால். பழைய பூச்சுக்கு ஒரு பொத்தல் விழுந்தால் அதே மாதிரி அடைக்கக்கூடிய கொத்தனார் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? கூட்டைச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள்.

வாத்துக்குக் குளம் வெட்ட வேண்டுமா?

வேண்டாம். வாத்து நீந்தாமலே நன்றாக வாழும், முட்டையும் இடும். கட்டாயம் வேண்டியது, தலை முழுவதும் மூழ்கும் ஆழத்தில் தண்ணீர், ஆறு அங்குலமாவது. வாத்து தலையை முக்கி எடுத்துச் சிலுப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மூக்குத் துவாரத்தில் ஒட்டியிருக்கும் தவிடு குமிழியோடு வெளியே வரும், கண் ஓரத்துச் சேறு கழுவிப்போகும். அப்புறம் வாலடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து இறகு முழுக்கப் பூசும். ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்த வீடுகளில் கண் பீளை கட்டி ஒட்டிக்கொண்ட வாத்துகளைப் பார்க்கலாம்.

பழைய சிமென்ட் தொட்டியோ அகலமான பிளாஸ்டிக் டப்போ போதும். உள்ளே ஒரு கல், வெளியே ஒரு கல், ஏறி இறங்க. தினமும் காலையில் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர். கவிழ்க்கிற தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் நேரே போகட்டும். தொட்டியை மாதம் ஒரு முறை இடம் மாற்றினால் ஒவ்வொரு மரத்துக்கும் முறை வரும். தினம் மாற்றும் தண்ணீரில் கொசு பெருகாது. வாத்து தானே புழுவைத் தின்றாலும், மாற்றுவதை விடக்கூடாது.

பக்கத்துக் கண்மாய்க்கோ ஊருணிக்கோ ஓட்டிப் போகலாமா?

ஊருணி மக்கள் எடுக்கும் தண்ணீர், அதில் விடவே கூடாது. கண்மாயிலும் மழைக்காலம் தொடங்கி மாசி, பங்குனி வரை வேண்டாம். அந்த மாதங்களில் வலசை வரும் காட்டு வாத்துகளும் நாரைகளும் நம் கண்மாய்களில் இறங்குகின்றன. பறவைக் காய்ச்சல் கிருமிக்கு இயற்கையான இருப்பிடம் காட்டு நீர்ப்பறவைகள்தான். நம்முடையது அவற்றோடு கலந்து வீட்டுக்குத் திரும்பினால் கோழிவரை வந்துவிடும்.

திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977 முதல் இருக்கிறது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்கள் அவ்வளவு காப்பாற்றும் பறவைகளுக்கு நம் வீட்டு நோயும் போய்ச் சேரக்கூடாது, இல்லையா? அப்புறம், கண்மாயில் பிடித்த காட்டு வாத்தையோ கௌதாரியையோ யாராவது விற்றால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

என்ன தீனி, எவ்வளவு?

தோட்டத்தில் மேயும் சிறுவிடைக்குக் காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை: கம்பு, உடைத்த சோளம், குருணை கலந்து நாளுக்கு 50 கிராம் வரை. மீதியை அதுவே புழு, பூச்சி, புல் என்று பார்த்துக்கொள்ளும். அடைத்தே வளர்த்தால் 100 கிராமுக்குக் குறையாமல் வேண்டும், அதில் புரதமும் இருக்க வேண்டும். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள், தேவையானதை அதுவே எடுத்துக்கொள்ளும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வாத்துக்குத் தீனியை நனைத்துத்தான் கொடுக்க வேண்டும். உலர்ந்த மாவு தொண்டையில் அடைக்கும். தவிடு, குருணை, கொஞ்சம் மீன்தூள், நறுக்கிய முருங்கைக்கீரை எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து வைத்து, பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. ஒரு வாய் தீனி, ஒரு வாய் தண்ணீர் என்றுதான் தின்னும். வாத்துக்குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட நியாசின் என்ற சத்து கூடுதலாக வேண்டும். அது குறைந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். கோழிக்குஞ்சுத் தீவனம் மட்டும் போடுகிறவர்கள் அதோடு தவிடும் ஈஸ்ட்டும் சேர்க்க வேண்டும்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து மனதில் நிறுத்துங்கள்: வாத்துக்குக் கடலைப்புண்ணாக்கு போடாதீர்கள். நம் பக்கம் கடலையும் செக்கும் உண்டு என்பதால் புண்ணாக்கு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, மாட்டுக்கு வைப்பதில் ஒரு துண்டை வாத்துக்கும் போடத் தோன்றும். கடலையில் பிடிக்கும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைத் தாக்கும். பறவைகளில் அதற்கு மிக எளிதாக இரையாவது வாத்து, குறிப்பாகக் குஞ்சு. இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டதே 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்த பிறகுதான். அவை தின்றது பூஞ்சை பிடித்த கடலைப்புண்ணாக்கு. வாத்துக்குஞ்சுகளும் அப்போது செத்தன. மழை மாதங்களில் மக்காச்சோளத்திலும் இதே பூஞ்சை வரும். மக்கல் வாடை வந்தால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள், வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது.

மிச்சச் சோறு, குழம்பு கொடுக்கலாமா?

சோறு, இட்லி, காய்கறித் தோல் எல்லாம் சரி. உப்புக்கண்டம், கருவாடு, ஊறுகாய், அப்பளம் பக்கம் போகாதீர்கள். உப்பு பறவைக்கு நஞ்சு. கெட்டுப்போன சோற்றை வாத்துக்குப் போடுவதும் ஆபத்து. தோட்டத்தில் அரளி இருந்தால் வேலி கட்டுங்கள்.

குஞ்சுகளுக்கு நல்ல புரதம் வேண்டும் என்றால் கரையான். பழைய பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். செம்மண் காட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. காலையில் குஞ்சுகள் முன்னால் தட்டினால் ஐந்து நிமிடத்தில் துடைத்துவிடும். வீட்டு நிலைக்கதவு, உத்தரம் பக்கம் மட்டும் இந்தப் பானையை வைக்காதீர்கள்!

கோழியை எப்போது, எத்தனை முட்டையில் அடைக்கு வைப்பது?

அடைக்கு வந்த கோழி பெட்டியை விட்டு எழாது. கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துப் பரந்து கொக்கரிக்கும், வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து வெறுந்தோல் சூடாக முட்டையில் பதிந்திருக்கும். அந்தச் சூடு ஒரே சீராக வேண்டும். சிறுவிடையின் உடம்புக்குப் பத்து, பன்னிரண்டு முட்டைதான் அடங்கும். பதினைந்து வைத்தால் ஓரத்தில் இருப்பது முறை போட்டுக் குளிர்ந்து எல்லாமே கெடும். ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாக எடுங்கள். வெயில் காலத்தில் நாலு நாளுக்குள். கழுவாதீர்கள்.

அகலமான சட்டியில் மணல், அதன்மேல் வைக்கோல், மாலை மங்கியபின் கோழியை உட்கார வையுங்கள். ஏழு எட்டு நாள் கழித்து இரவில் முட்டையை ஒவ்வொன்றாக டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிவப்பு நூல் நூலாக நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது. வெளிச்சம் தடையில்லாமல் வந்தால் கரு இல்லை, எடுத்துவிடலாம். விட்டால் கூமுட்டையாகி உள்ளே வெடித்து மற்றதையும் கெடுக்கும். 21ஆம் நாள் பொரிக்கும். கோழி நாளுக்கு ஒரு முறை இறங்கித் தின்று, குடித்து, பெரிதாக எச்சமிட்டு, மண்ணில் புரண்டு திரும்பும். அதற்குக் கால் மணி நேரம் கொடுங்கள். இறங்காமலே கிடக்கிற கோழியை நாமே தூக்கி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டினியில் இளைத்துவிடும்.

எங்கள் அப்பத்தா அடைச் சட்டியில் கரித்துண்டும் இரும்பும் மிளகாய் வற்றலும் போடச் சொல்கிறார். தேவையா?

இடியிலிருந்து முட்டையைக் காக்கும் என்ற நம்பிக்கை அது. போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை, அப்பத்தா மனசும் குளிரும். இரும்பு கூர்மையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு வேப்பிலையும் கொஞ்சம் சாம்பலும் போடுங்கள், பேனும் செள்ளும் குறையும். அடைக்கோழியைச் செள்ளு மொய்த்தால் பாதியில் எழுந்து போய்விடும்.

வாத்து முட்டையைக் கோழிக்கு வைக்கலாமா?

வைக்கலாம். காக்கி கேம்பலும் நாட்டு வாத்தும் ஒழுங்காக அடை உட்காராது என்பதால் இதுதான் வழி. வாத்து முட்டை 65, 70 கிராம் இருக்கும், ஆகவே ஒரு கோழிக்கு ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். பொரிக்க 28 நாள் ஆகும், மஸ்கோவிக்கு 35. இரண்டு வகை முட்டையையும் ஒன்றாக வைத்தால் கோழிக்குஞ்சு முதலில் பொரித்ததும் தாய் எழுந்துவிடும், வாத்து முட்டை வீணாகும். இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் வெதுவெதுப்பான தண்ணீரை முட்டைமேல் தெளியுங்கள். நம் ஊர்க் காற்றின் வறட்சிக்கு இது அவசியம்.

பொரித்த வாத்துக்குஞ்சைக் கோழி வளர்த்தால் ஒன்று கவனியுங்கள். வாத்துத் தாயின் இறகிலிருந்து குஞ்சுக்கு ஒட்டும் எண்ணெய்ப் பசை இங்கே கிடையாது. அதனால் குஞ்சு தண்ணீரில் இறங்கினால் நனைந்து விறைத்துச் சாகும். இறகு முளைக்கும்வரை, ஐந்து வாரம் போல, குடிக்க மட்டும் தண்ணீர். தாய் இல்லாத குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் பல்பின் கீழே குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். சித்திரை மதியத்தில் பல்பே வேண்டாம்.

சேவல் இல்லாவிட்டால் முட்டை வராதா?

வரும். குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான்.

வெள்ளைக்கழிச்சலிலிருந்து எப்படிக் காப்பது?

தடுப்பூசி ஒன்றுதான் வழி. இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன், ஏனென்றால் நம் பக்கம் கோழி வளர்ப்பை விட்டுவிட்ட வீடுகளில் கேட்டால் பலரும் சொல்லும் காரணம் இதுதான்: நேற்று வரை மேய்ந்தது, ஒரே வாரத்தில் கூடு காலி. வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், மூச்சு இரையும், பிழைத்தவை சில கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றும். ராணிக்கேட் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். உத்தரகாண்டில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. வந்தபின் மருந்து கிடையாது.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் லசோட்டா சொட்டு மருந்து. எட்டாவது வாரம் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. வருடாவருடம் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை இரு வாரம் ஊர் ஊராக இலவச முகாம் நடத்துகிறது. வெயில் ஏறும் மாதங்களில்தான் நோய் அதிகம் என்பதால் அந்த நேரம். முகாம் வரும் நாளை உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வைத்து, அன்று காலை கோழியைத் திறந்துவிடாமல் கூட்டிலேயே வைத்திருங்கள். மருந்தை வாங்கிக்கொண்டு வந்து போடுகிறவர்கள் ஐஸ் வைத்த பிளாஸ்கில் கொண்டுவர வேண்டும். வெயிலில் பையில் வந்த மருந்து செத்த மருந்து. ஏற்கெனவே சோர்ந்திருக்கும் கோழிக்குப் போடக்கூடாது.

வாத்துக்கு இந்த நோய் அவ்வளவாக வராது. அதற்கு வாத்து பிளேக் தடுப்பூசி இருக்கிறது, எட்டு வாரத்துக்கு மேல் போடலாம். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். திடீரென்று பல பறவைகள் செத்தால் கையால் தொடாமல், யாருக்கும் கறியாகக் கொடுக்காமல், முதலில் மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம். அம்மையா?

அம்மைதான். கொசு பரப்பும். மஞ்சள், வேப்பிலை, துளசி, பூண்டு, சீரகம் அரைத்து வெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள், புண் ஆறும். கண் மூடிக்கொண்ட கோழிக்குத் தீனியும் தண்ணீரும் நாம் ஊட்ட வேண்டும். அதில் தவறினால்தான் சாகிறது. ஆறேழு வாரத்தில் தடுப்பூசி போட்டால் வராது.

கீரி, பாம்பு, நாய்?

நம் ஊரில் பெரிய எதிரி கீரி. ஒன்றைத் தின்ன வந்து கூட்டில் இருப்பதையெல்லாம் கடித்துப் போட்டுவிடும். கீரி நுழைய இரண்டு அங்குல ஓட்டை போதும். அதனால் அறுகோண வலையை நம்பாதீர்கள். அரை அங்குலப் பற்றவைப்பு வலை வாங்கி, அதை ஓர் அடி மண்ணுக்குள்ளும் இறக்குங்கள். கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, தாழ்ப்பாள் வேண்டும். அந்தி சாயும் முன் அடைத்துவிட வேண்டும். கோழி தானே வந்து ஏறும். வாத்தை ஓட்டித்தான் அடைக்க வேண்டும், ஆனால் தினமும் அதே நேரம் கூட்டுக்குள் தீனி வைத்தால் ஒரு வாரத்தில் வரிசையாக வந்துவிடும்.

பாம்பு முட்டைக்கும் எலிக்கும் வருகிறது. முட்டையை அன்றன்றே எடுத்து, தீவனத்தைத் தகர டின்னில் வைத்தால் எலி குறையும், பாம்பும் குறையும். சீமைக்கருவேலப் புதர் கூட்டை ஒட்டி இருந்தால் வெட்டிவிடுங்கள். பெட்டிக்குள் கையை விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். குஞ்சுகளுக்குப் பகலில் காக்கையும் வல்லூறும். முருங்கை, கொய்யா மாதிரித் தாழ்வான மரங்கள் இருக்கும் தோட்டத்தில் இந்தத் தொல்லை பாதியாகிவிடும்.

மார்கழியில் முட்டை குறைந்துவிட்டது. ஏன்?

நம் ஊரில் கோடைக்கும் மார்கழிக்கும் பகல் நீளத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடத்தான் வித்தியாசம். ஆகவே வெளிச்சத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. இறகு உதிர்க்கும் பருவமா என்று பாருங்கள், அப்போது இடாது. இல்லையென்றால் குடற்புழு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருந்து கொடுங்கள். இன்னொன்று, வெளியே மேயும் கோழி வேறெங்காவது இட்டுக்கொண்டிருக்கலாம். பகல் பத்து மணி வரை கூட்டில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வாத்து விடியற்காலையில் இடும், அதை ஒன்பது மணிக்கு முன் திறந்தால் முட்டை தோட்டத்தில் எங்கோ கிடக்கும்.

வாத்து முட்டை கவுச்சி அடிக்கிறதே?

மீன்தூளைக் குறையுங்கள், பச்சையைக் கூட்டுங்கள். ஆறிய முட்டையில் வாடை அதிகம், சுடச்சுட மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கினால் தெரியவே தெரியாது. முழுசாக வேகவைத்தே சாப்பிடுங்கள், அரைவேக்காடு வேண்டாம். வாத்து ஈரத்தில் இடுவதால் ஓட்டின் வழியாகக் கிருமி உள்ளே போயிருக்க வாய்ப்பு உண்டு.

செடிகொடி பாழாகாதா?

கோழி கிளறும், நாற்றுப் பாத்திக்கு வலை கட்டத்தான் வேண்டும். வாத்து கிளறாது, ஆனால் கீரையைத் தின்னும், ஈரமண்ணை மிதித்து இறுக்கும். நத்தைத் தொல்லை உள்ள தோட்டத்தில் வாத்துக்கு ஈடு இல்லை. கோழி எருவை நேரே செடிக்குப் போட்டால் வேர் கருகும். சருகோடு மூன்று மாதம் மக்கவிடுங்கள்.

அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்கிறார்கள்.

வாடைக்குக் காரணம் ஈரம். படுக்கையை வாரம் ஒரு முறை கிளறி, நனைந்ததை அள்ளிவிட்டு, சுண்ணாம்புத்தூள் தூவுங்கள். விடியுமுன் கூவும் சேவலை இருட்டான கூட்டில் வைத்தால் கொஞ்சம் தாமதமாகக் கூவும். வாரம் நாலு முட்டை பக்கத்து வீட்டு ஆச்சிக்குக் கொடுத்துப் பாருங்கள், பேச்சு மாறும்.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம், ஊர் வீட்டுக்கு மாதம் ஒரு முறைதான் வருவோம். வளர்க்கலாமா?

அங்கேயே தங்கும் ஆள் இருந்தால் மட்டும். காலையில் திறக்க, மாலையில் அடைக்க, தினம் தண்ணீர் மாற்ற ஒரு மனிதர் வேண்டும், அதற்குப் பதிலாக எந்தத் தானியங்கித் தொட்டியும் வராது. காவலுக்கு இருப்பவரிடம் இதையும் சேர்த்துக் கேட்கிறீர்கள் என்றால், முட்டையும் பொரிக்கும் குஞ்சில் பாதியும் அவருக்கு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வாத்து வேண்டாம், சிறுவிடை நாலு போதும். தடுப்பூசித் தேதிகளைக் கூட்டுக் கதவின் உள்பக்கம் சுண்ணாம்பால் எழுதி வைத்துவிட்டு வாருங்கள், பிப்ரவரி முகாமுக்கு முந்தின நாள் போன் செய்து நினைவுபடுத்துங்கள்.